பதினாறு கட்டத்தில் எங்கள் அம்மன்

எங்கள் குலதெய்வத்தைப் படம் எடுக்கக் கூடாது. கல்வராயன் மலைமேல் இருக்கிறாள் எங்கள் அம்மன். வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில் பாதி வழியில் இறங்கி, கல்லும் வேருமாகக் கிடக்கும் பாதையில் ஏறினால் சின்னதாக ஒரு கருங்கல் கோயில் வரும். படம் எடுக்கக் கூடாது என்று அங்கே பலகை எதுவும் எழுதி வைக்கவில்லை. செல்போனைக் கையில் எடுத்தால் பூசாரி தொண்டையைக் கனைப்பார். அது போதும், போன் தானாகவே பைக்குள் போய்விடும். ஆத்தாவின் உருவம் மலையை விட்டு இறங்கக் கூடாது என்பது மலைக்காரர்களின் பெரியவர்கள் வைத்த கட்டு. வடக்கனந்தல் பக்கத்துக் குடியானவர்களான நாங்கள் ஆடி மாதம் ஏறிப் போய்ப் பொங்கல் வைத்துக் கும்பிட்டு வருவதோடு சரி. அந்தக் கட்டை யாரும் கேள்வி கேட்டதில்லை.

என் மனைவிக்கு முழங்கால் தேய்ந்து போனதிலிருந்துதான் எனக்குத் தொந்தரவு ஆரம்பித்தது. மலை ஏறக் கூடாது என்று கள்ளக்குறிச்சியில் டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடிக்கும் நான் மட்டும் போய்விட்டு வருவேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்கிவிடும்.

"இன்னாங்க, ஆத்தாவுக்கு இன்னா சேல கட்டியிருந்தாங்க?"

"பச்சைன்னு நெனக்கிறேன். செவப்பாவும் இருக்கலாம்."

"மால எதுல?"

"பூவுலதான்."

"மொகம் எப்படி இருந்துது?"

"நல்லாத்தான் இருந்துது."

"தெர தொறந்ததும் கண்ண மூடிக்கிறீங்க. கும்புடறதுக்குப் போறீங்களா, தூங்கறதுக்குப் போறீங்களா?"

அவள் சொல்வது நியாயம்தான். திரையை விலக்கியதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ளும், கண் தானாக மூடிக்கொள்ளும். கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தால் திரை மறுபடி விழுந்திருக்கும். இத்தனை வருடமாகப் போகிறேன், ஆத்தாவின் முகத்தை விவரமாகச் சொல் என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவளோ ஒரு பார்வையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறவள்.

போன ஆடியில் நான் திரும்பி வந்தபோது அவள் ஒன்றுமே கேட்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரே ஒரு தபா அவ மொகத்தப் பாத்துட்டேன்னா போதும். அதுக்கப்புறம் காலு போனா போவுது."

பாதிச் சோற்றோடு கையைக் கழுவிவிட்டேன்.

எங்கள் மகள் இயற்பியலில் முதுகலை படிக்கிறாள். கடைசி வருடம் ஏதாவது ஒரு கருவியை அவளாகவே செய்து காட்ட வேண்டுமாம். லீவுக்கு வந்தபோது ஒரு பெட்டியோடு வந்தாள். வந்ததும் இருட்டான இடம் வேண்டும் என்றாள். கேழ்வரகு மூட்டை போட்டிருக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தேன். உள்ளங்கை அகலத்தில் பேட்டரியில் ஓடும் ஒரு ப்ரொஜெக்டர், ஒரு லேப்டாப், ஒரு கம்பியின் நுனியில் துவரம்பருப்பு அளவுக்கு என்னவோ ஒன்று. பெட்டியில் இருந்தது அவ்வளவுதான்.

"காமிரா எங்க பாப்பா?" என்றேன்.

பருப்பைக் காட்டினாள். "இதாம்பா."

"இது பாக்குமா?"

"பாக்காது. வெளிச்சம் ஜாஸ்தியா கம்மியான்னு மட்டும் சொல்லும். எங்கேருந்து வருது, எதும் மேல பட்டு வருதுன்னு ஒண்ணும் அதுக்குத் தெரியாது."

பார்க்கத் தெரியாததை வைத்துக்கொண்டு எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டேன். நான் படித்தது பத்தாவது வரைக்கும், அதிலும் கணக்கு எனக்கு வாய்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நான் மரவள்ளி போடுகிறவன் என்பதும் தெரியும். அதனால் கிழங்கு மூட்டையை வைத்தே சொன்னாள்.

"நாலு மூட்ட இருக்குதுன்னு வெச்சிக்குங்க. ஒரு தபா நாலையும் சேத்து எட போடுறீங்க. அப்புறம் மொத மூட்டையோட மத்த ஒவ்வொண்ணையும் சேத்து ரெண்டு ரெண்டா போடுறீங்க. கடைசியில எந்த மூட்ட எவ்ளோன்னு கணக்குலயே எடுத்துடலாமா இல்லியா?"

"தனித்தனியா போட்டுட்டா இந்த வம்பே இல்லியே."

"மூட்ட ரொம்பச் சின்னதா இருந்தா? முள்ளு காத்துக்கே ஆடும், எட தெரியாது. சேத்துப் போட்டாத்தான் முள்ளு நிக்கும்."

ப்ரொஜெக்டர் ஒரு பொருளின் மேல் கருப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமான வெளிச்சத்தை அடிக்கும். எந்தெந்தக் கட்டம் வெள்ளை என்பதை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு தடவையும் மொத்தம் எவ்வளவு வெளிச்சம் திரும்பி வந்தது என்று பருப்பு எடை சொல்லும். எல்லா எடையும் சேர்ந்ததும் எந்தக் கட்டம் பிரகாசம், எந்தக் கட்டம் மங்கல் என்று லேப்டாப் கணக்குப் போட்டுப் படமாக்கிவிடும். எனக்கு விளங்கியது இந்த அளவுக்குத்தான். மீதியை அவளுடைய படிப்புக்கு விட்டுவிட்டேன்.

முதலில் எங்கள் பித்தளைச் சொம்பை வைத்து ஓட்டினாள். எட்டுக்கு எட்டுக் கட்டம். அவள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இட்லிக்குக் காது மொளச்ச மாதிரி இருக்குது" என்றாள். பதினாறுக்குப் பதினாறில் கழுத்து மாதிரி ஒன்று வந்தது. முப்பத்திரண்டில் சொம்பு என்று ஒத்துக்கொள்ளலாம். கட்டம் சின்னதாகச் சின்னதாகப் படம் தெளியும், ஆனால் கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் வேலை நாலு மடங்காகிவிடும் என்றாள். அதுவரை பொருளும் அசையக் கூடாது, வேறு வெளிச்சமும் வரக் கூடாது. அறுபத்து நாலு ஓடிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா புளி எடுக்கக் கதவைத் திறந்தாள்.

"அம்மா, சொம்பு வந்துகினு இருக்குது. கதவ மூடு."

"எங்கேருந்துடி வருது? சொம்பு அங்கியேதான இருக்குது?"

மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். இந்தத் தடவை அறுபத்து நாலு முழுசாக வந்தது. சொம்பின் வயிற்றில் இருக்கும் நசுங்கல்கூடத் தெரிந்தது. என் மனைவி அந்த நசுங்கலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குப் பேரு போட்டோவாடி?"

"போட்டோன்னு சொல்ல முடியாதும்மா. காமிராவே இல்லியே. பாக்குற கண்ணே இதுல கெடையாது."

மறுநாள் காலை என் மனைவி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள்.

"கண்ணே இல்லாத காமிராவுக்குப் பூசாரி ஏன் கனைக்கணும்? போயி கேட்டுப் பாருங்களேன்."

நானும் மகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினோம். பூசாரி கோயிலை ஒட்டியிருக்கும் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், என்னைவிட வயதில் மூத்தவர். பெட்டியைப் பார்த்ததுமே கனைத்தார்.

"படம் எடுக்க வரலண்ணே," என்றேன். "வெளிச்சத்த எட போட வந்திருக்குறோம்."

"எத?"

"ஆத்தா மேல உழுற வெளிச்சத்த."

"எட போட்டு?"

"போட்டா, ஒரு மாதிரியா ஒண்ணு வரும்."

"ஒரு மாதிரியா இன்னா வரும் தம்பி?"

ஆத்தாவின் வாசலில் நின்றுகொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "படம்தாண்ணே வரும்," என்றேன்.

"அப்ப படம்தான்," என்று மறுபடி களையெடுக்கக் குனிந்துவிட்டார்.

மகள் லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கத்தில் வரப்பிலேயே உட்கார்ந்தாள். சொம்புப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். எட்டுக் கட்டத்தைப் பார்த்தார்.

"இது இன்னா கண்ணு, தவளையா?"

"சொம்பு, பெரியப்பா."

"அப்ப இது படமில்ல. அடுத்தத காட்டு."

பதினாறைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சொம்புன்னு சொன்னா சொம்பு. சொல்லாட்டி இல்ல." முப்பத்திரண்டைப் பார்த்தார். "இது சொம்பு." அறுபத்து நாலு வந்ததும் தொண்டையைக் கனைத்தார். "நசுங்கினதுகூட தெரியுது. இது போட்டோ. இது ஆவாது."

ஆகாது என்று அவர் சொன்னது அறுபத்து நாலைத்தான் என்பதை நான் கவனித்தேன். வியாபாரம் படியும்போது அந்த வாசனை எனக்குத் தெரிந்துவிடும்.

"அறுவத்து நாலு வாணாண்ணே. நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

"எட்டுல முடிச்சிக்க."

"எட்டுல தவளதாண்ணே வரும். ஆத்தாவத் தவளையாக் கொண்டு போயி என் வூட்டுக்காரிகிட்ட காட்டுனா, என்னைய வூட்டுக்குள்ள சேப்பாளா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினாறு என்றார். நான் முப்பத்திரண்டு என்றேன். ஆட்டுச் சந்தையில்கூட நான் இவ்வளவு பேசியதில்லை. கடைசியில் என் மனைவியின் முழங்காலைச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துச் சொன்னதையும் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்.

"மஞ்சள வூட்டுலியே அரைச்சி எடுத்துகினு வருமே, அந்தப் பொண்ணா?"

"ஆமாண்ணே."

"நான் யாரு குடுக்க. ஆத்தாவையே கேட்டுடுவோம்."

கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். அம்மனின் தோள் இரண்டிலும் ஈரப் பூவை ஒட்டி வைத்தார். வலது பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் முப்பத்திரண்டு, இடது பக்கத்துப் பூ விழுந்தால் பதினாறு. நான் கும்பிட்டபடி நின்றேன். மகள் என் காதில், "அப்பா, எங்க புரொபசருகூட இவ்ளோ கஷ்டப்படுத்தல" என்றாள். வலது பக்கத்துப் பூ விழுந்தது.

அப்புறமும் கட்டுப்பாடுகளை வரிசையாகச் சொன்னார். ஒரே ஒரு தாள். வாட்சப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது. மகளின் காலேஜ் புத்தகத்தில் சேர்க்கக் கூடாது. விளக்கை அணைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது மட்டும் மகளுக்கு இடித்தது. விளக்கு ஆடினால் எடையும் ஆடுமாம். விளக்கைத் தூணுக்குப் பின்னால் நகர்த்திக்கொள்ளப் பூசாரி சம்மதித்தார். கதவைச் சாத்தினோம். உள்ளே நாங்கள் மூன்று பேரும் ஆத்தாவும்.

ப்ரொஜெக்டர் ஓட ஆரம்பித்தது. ஆத்தாவின் மேல் பெரிய கட்டம் விழுந்தது, பட்டை விழுந்தது, பொடிக் கட்டம் விழுந்தது. கண்ணை இமைப்பதற்குள் வேறு வேறாக மாறிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு மட்டும் நான் கண்ணை மூடவில்லை. மூட மனசு வரவில்லை.

"ஆத்தாவுக்கு ஏன் இப்படிச் சேல மாத்திகினே இருக்குற?" என்று பூசாரி இருட்டில் முனகினார்.

"சேல இல்ல பெரியப்பா, கட்டம். இன்னும் கொஞ்ச நேரம்தான். யாரும் அசையாதீங்க."

அசையக் கூடாதுதான். ஆனால் திரை விலகியிருக்கிறது, ஆத்தாவின் முகத்தில் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கிறது, எதிரில் மூன்று பேர் கும்பிட்டு நிற்கிறோம். இப்படி இருக்கும்போது தீபாராதனை காட்டாமல் ஒரு பூசாரியின் கை எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்? அவர் தட்டில் சூடத்தை ஏற்றிவிட்டார். சூடம் எரிவதைக் கண்டதும் என் கை மணியை எடுத்து ஆட்டத் தொடங்கிவிட்டது. அவர் காட்ட, நான் ஆட்ட, "அப்பா" என்று மகள் கத்தியது எங்கள் இரண்டு பேருக்குமே கேட்கவில்லை. தட்டை அவளிடம் நீட்டியபோதுதான் அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். அப்படியும் அவள் எழுந்து சூடத்தை ஒற்றிக்கொண்டாள். என் பெண் அல்லவா.

"இன்னா ஆச்சு பாப்பா?"

"எல்லாம் சூடத்தோட எடப்பா. ஆத்தாவக் காணோம்."

"தெர தொறந்தா தீவாராதன காட்டணும் கண்ணு," என்றார் பூசாரி. "காட்டாம உட்டா நாளைக்கி எனக்குத்தான் தூக்கம் வராது."

மறுபடி ஓட்டலாம் என்றால் ப்ரொஜெக்டரின் பேட்டரி முக்கால்வாசி தீர்ந்திருந்தது. கோயிலில் கரண்ட் இல்லை. முப்பத்திரண்டு ஓடாது, பதினாறுக்கு வேண்டுமானால் தாங்கும் என்றாள் மகள்.

"நான் மொதல்லயே சொன்னது பதினாறுதான?" என்றார் பூசாரி.

"பூ வலது பக்கம் வுழுந்துச்சேண்ணே."

"பூ ஒத்துக்கினு இருக்குது. பேட்டரி ஒத்துக்கலியே தம்பி."

இரண்டாவது தடவை அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் மணியின் நாக்கைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யாரும் மூச்சுகூடச் சரியாக விடவில்லை. படம் வந்தது. பூசாரி பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்புறம் ஓரக் கண்ணால் பார்த்துவிட்டார். "இதுக்காக நான் ஊருகிட்ட பதில் சொல்ல வேண்டியதே இல்ல," என்றார். அவருக்கு நிம்மதியாகப் போய்விட்டது.

எனக்கு அழுகை வந்தது. கருப்பில் கொஞ்சம், சாம்பலில் கொஞ்சம், வெள்ளையில் கொஞ்சம் கட்டங்கள். சதுரக் கல் பதித்த தரை மாதிரி இருந்தது. முகம் எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. பேருந்தில் இறங்கி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். முழங்காலோடு காத்துக்கொண்டிருப்பவளிடம் இதை எப்படி நீட்டுவது?

இருந்தாலும் கள்ளக்குறிச்சி வரை போய் ஒரு பிரிண்ட் போடும் கடையில் கொடுத்தோம். கடைக்காரர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"லோடாவுதுண்ணே, இருங்க."

"ஆயிடுச்சி. இதான் படம்."

"பைலு கெட்டுப் போயிருக்குதுண்ணே. ஒரிஜினல் அனுப்புங்க."

"ஒரிஜினல் மலமேல இருக்குது."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் பரிதாபப்பட்டு, "ஏஐல போட்டுத் தரட்டா? மூஞ்சி பளிச்சின்னு வந்துடும்" என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மகள்தான் கேட்டாள்.

"யாரு மூஞ்சிங்க வரும்?"

"யாரு மூஞ்சி வேணுமோ அதாம்மா."

"அப்ப வேணாம். இப்படியே போடுங்க."

ஒரே ஒரு தாள் வாங்கிக்கொண்டு, கடை கம்ப்யூட்டரில் இருந்ததை எங்கள் கண்ணெதிரிலேயே அழிக்கச் சொல்லிவிட்டு வந்தோம்.

வீட்டில் அவள் கொல்லைப்புற வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்ணாடி போடவில்லை. கீரை ஆய அவளுக்கு எதற்குக் கண்ணாடி. நான் வேலிப் படலைத் திறந்து உள்ளே வந்தேன். சொல்ல வேண்டிய சமாதானத்தை மனசுக்குள் கோத்தபடி தாளை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல் நடந்தேன்.

அவள் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கையைக் குவித்தாள்.

"இன்னா ஆச்சு? காலு புடிச்சிகிச்சா?" என்றேன்.

"அங்கியே நில்லுங்க. கிட்ட வராதீங்க."

நின்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது, ஆனால் கண்ணை மூடவில்லை. "தலய லேசா சாச்சிகினு இருக்குறா. எப்பவும் அப்படித்தான் இருப்பா," என்றாள்.

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். கட்டம்தான் இருந்தது. மகள்தான் என் கண்ணாடியைக் கழற்றித் தாளை அவள் அம்மாவிடம் கொடுத்து, என்னை வேலிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். "கிட்டேருந்து பாத்தா கட்டத்தோட ஓரம்தாம்பா கண்ணுல குத்தும். மங்கலா பாருங்க, ஓரமெல்லாம் கரைஞ்சிடும்." பார்த்தேன். நெற்றி, கன்னம், கிரீடத்தின் நிழல், இடது தோள் பக்கம் லேசாகச் சாய்ந்த தலை. அந்த முகம் எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்திருந்தது. வேலி ஓரத்திலேயே விழுந்து கும்பிட்டேன். பக்கத்துக் கொல்லையிலிருந்து யாரோ, "இன்னா தொலைஞ்சி போச்சு?" என்று விசாரித்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து என் மனைவியின் முகம் மாறியது.

"ஏங்க, ஆத்தா மூக்குத்தி எங்க?"

"பதினாறு கட்டத்துல மூக்குத்தியெல்லாம் தெரியாதும்மா," என்றாள் மகள். "ஒரு கட்டத்துக்குள்ளியே மூக்கு பூரா அடங்கிடும்."

"மூக்கு அடங்கட்டும். மூக்குத்தி எங்க போச்சு? எங்க மாமியா போட்டதுடி அது."

பூசாரிக்குப் போன் போட வேண்டியதாயிற்று. நான் தயங்கித் தயங்கி ஆரம்பிப்பதற்குள் அவளே போனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? ஆத்தாவப் பாத்தேன். ஆமாங்கண்ணே, தெரியுது. எட்ட நின்னா தெரியுது. அதில்லண்ணே, மூக்குத்தியக் காணோம்."

அந்தப் பக்கம் கனைப்புச் சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் அவர் கொல்லையிலிருந்து நடந்து போவதும், பூட்டைத் திறப்பதும், திரை வளையம் கிறீச்சிடுவதும் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றி நின்றோம்.

"இருக்குதும்மா," என்றார். "எடது பக்கம். செவப்புக் கல்லு. நேத்துதான் தொடச்சேன்."

"எடது பக்கந்தான?"

"எடது பக்கந்தான். தெர தொறந்தாச்சு, நான் சூடம் காட்டிட்டு வந்துடுறேன், வெச்சிடு."

அவள் போனை வைக்கவில்லை. மணிச் சத்தம் ஓயும்வரை காதிலேயே வைத்துக் கேட்டுவிட்டு, பூஜை மாடத்திலிருந்து குங்குமத்தைத் தொட்டு வந்தாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கட்டத்தின்மேல் மோதிர விரலால் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள்.

"அம்மா, அது கன்னம்," என்றாள் மகள். "மூக்கு அதுக்கு அடுத்த கட்டம்."

"ஆத்தா சரி பண்ணிக்குவா," என்றாள். தாளை என்னிடம் கொடுத்து, கொல்லையில் எதிர்ச் சுவரில் மழை படாத இடமாகப் பார்த்து ஒட்டச் சொன்னாள். ஒட்டிவிட்டுத் திரும்பினேன். அவள் படியில் உட்கார்ந்து, மறைக்காதீங்க, நகருங்க என்று எனக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.